பெயர்ச்சி

கடல் உறைந்து சாலை திறந்த மூன்றாம் நாள்
ஹெல்டர்மா கரையில் காவலாள் குனிந்து
வண்டியில் என்ன சுமை என்று கேட்கிறான்.
கால்மிதித் தையல் இயந்திரம், இரண்டு மெத்தை,
கூடையில் பூனை, அப்புறம் நான் என்கிறாள் ஊர்வே.
இருக்கைப் பட்டையை அவிழ்த்துவிடு என்கிறான்.
இந்தச் சாலையில் அதுதான் சட்டம்:
உடைந்தால் குதிக்க வேண்டும்.

பதினோரு ஆண்டு
இதே நீரின்மேல் கப்பலில் காபி விற்றவள்.
நாளுக்கு நான்கு நடை, நூற்று நான்கு கிலோமீட்டர்.
இரவு, காலையில் எடுத்த அதே கொக்கியில்
மேலங்கியை மாட்டுவாள்.
தொலைவு காலுக்குத் தெரியும்.
இடப்பெயர்ச்சி சுழி.
இத்தனைக்கும் கப்பலுக்குள்ளேயும் நடந்திருக்கிறாள்,
கப்பல் கிழக்கே போகையில்
தட்டை ஏந்திக்கொண்டு மேற்கே.
கரையில் நிற்பவனுக்கு
அவளும் கிழக்கேதான், கொஞ்சம் மெதுவாக.
ஹெய்னோ எப்போதும் கரையில் நின்றான்.

இன்று கப்பல் வேண்டாம்.
அங்கே எல்லோருக்கும் அவள் பெயர் தெரியும்,
அவன் கொடுத்த பெயர்.

பலகை சொல்கிறது:
இருபத்தைந்துக்குக் கீழே போ,
இல்லையேல் நாற்பதுக்கு மேலே.
நடுவில் போனால்
பனிப்பாளத்துக்கடியில் ஓர் அலை எழும்,
வண்டியோடு கூடவே வரும், வளரும்,
சக்கரத்தின் கீழிருந்து தரையைத் தூக்கும்.
முப்பத்திரண்டு.
அவளுக்கு அந்த வேகம் பழக்கம்.
நின்றுவிடாமல், போய்விடாமல்,
வானொலி பாட,
உப்பை எடு, இந்தா.

மிதிக்கிறாள்.
இருக்கை முதுகைத் தள்ளுகிறது.
நாற்பத்தைந்தில் நிலைத்ததும் அதுவும் இல்லை.
சீராகப் போவதும் சும்மா இருப்பதும்
உடம்புக்கு ஒன்றுதான்.
வெள்ளை. வெள்ளை. பாதைக்குக் குறியாக
நட்டுவைத்த ஊசியிலைக் கிளை. வெள்ளை.
பூனையின் கணக்கில்
கூடை எங்கும் போகவில்லை.

கண்ணாடியில் ஹெய்னோ
கையைப் பைக்குள் விட்டபடி
பின்னோக்கிப் போகிறான்.
தூண் அளவு, தீக்குச்சி அளவு.
அவனைக் கேட்டால் ஊர்வே போனாள் என்பான்.
இவளைக் கேட்க யாருமில்லை,
முன்வண்டி இருநூற்றைம்பது மீட்டர் தள்ளி.
அதுவும் சட்டம்.

பதினான்காம் கிலோமீட்டரில்
அதன் பின்விளக்கு சிவக்கிறது.
தடையை அழுத்துகிறாள். சக்கரம் நின்றது,
வண்டி நிற்கவில்லை.
உராய்வு விடுப்பில் போன நிலம்.
வண்டியாவது தயங்கித் தளர்கிறது;
பின்னால் தையல் இயந்திரம்
புறப்படும்போது எடுத்த முடிவை மாற்றாமல்
தன் சிறு உருளைகளில் வந்து
அவள் இருக்கையின் முதுகில் முட்டுகிறது.
எண்பது மீட்டர் வழுக்கி நின்றாள்.
அங்கே, சாலையைக் கடந்து போகிறது ஒரு நரி,
எந்த வேகக் கட்டுப்பாடும் இல்லாமல்.

நிற்பதும் இங்கே குற்றம்.
கீழே பனி முனகுகிறது.
மெல்ல எடுத்து, இருபத்துநான்கில் மூச்சைப் பிடித்து,
நடுவை ஒரே மிதியில் தாண்டினாள்.

ரோஹுகுலாவில் இறக்கி முடிக்க ஒன்றரை மணி.
வண்டி இரவல், கப்பல் சமையற்காரர் ஆர்வோவுடையது.
பொழுது சாய்ந்தால் சாலை மூடிவிடும்;
அதற்குள் கொண்டுபோய் விட வேண்டும்.
ஆக, வண்டிக்கு இன்றும் சுழி.
அவள் கப்பலில்தான் திரும்பி வருவாள்,
தட்டில்லாமல், சீட்டு வாங்கி.

சீட்டுக்குப் பெயர் கேட்பார்கள்.
அவள் மொழியில் எப்படியோ,
என் மொழியில் அது கூப்பிடும் சொல்.
நகரச் சொல்லும் ஏவலும் அதுவே.

பாயு, என்று சொல்லிப் பார்க்கிறாள்
காலியான வண்டிக்குள்.
ஊர்வே பாயு.
ஆவி கண்ணாடியில் படிகிறது.
துடைத்துவிட்டு
சாவியைத் திருகுகிறாள்.