எத்தற கிட்டுது?

வலி எங்கே என்று நான் கேட்பதற்குள்
வண்டிக்கு எத்தற கிட்டுது என்று
அவர்கள் கேட்டுவிடுகிறார்கள்.
கருங்கலில் முட்டு தேய்ந்த நேசபாய்,
திங்கள்சந்தையில் தோள் இறுகிப்போன தையல்காரர்.
வாய் கோணிப் பேச்சு குழறும்
இரணியல் நோயாளிகூட
அந்த இரண்டு சொல்லை மட்டும்
சுத்தமாய்ச் சொன்னார்.

இருபத்தொன்று புள்ளி ஏழு என்பேன்.
திரையில் இருபத்துநாலு காட்டும்.
அதை நான் எடுத்துக்கொள்வதில்லை.
டேங்கைக் கழுத்துவரை நிரப்பி, ஓட்டி,
மறுபடி கழுத்துவரை நிரப்பி
பில்லின் பின்பக்கத்தில் வகுத்துப் பார்ப்பவள் நான்.
வண்டி கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறது,
சுகந்தானா என்றால்
சுகந்தான் என்று நாம் சொல்வதுபோல.

குலசேகரத்திலிருந்து இறங்கும்போது
ரப்பர் நிழலில் காலை எடுத்தால் போதும்,
பேட்டரிக் கட்டங்கள்
ஒவ்வொன்றாய்ப் பச்சையாகும்.
"பிரேக்கில வீணாப்போறது திரும்பிக் கிட்டும் மேடம்,
வாழ்க்கையிலயும்..." என்று தொடங்கிய
ஷோரூம் பையனை அங்கேயே நிறுத்தினேன்.
ஏறும்போது அது காலியாகும் தம்பி.

ஆனி மாதம் ஒருமுறை திருநெல்வேலி.
போகையில் இருபத்தாறு.
திரும்புகையில் ஆரல்வாய்மொழிக் கணவாய்
காற்றை அள்ளி முகத்தில் எறிந்தது.
பத்தொன்பது.
காணாமற்போன என் ஏழு கிலோமீட்டரை
காற்றாலைகள் பங்குவைத்துச்
சுழற்றிக்கொண்டிருந்தன.

வண்டியைத் தேர்ந்தெடுத்தது டைட்டஸ்.
கப்பலில் மோட்டார்மேன்.
அவன் எஞ்சின் ஒருநாளைக்குக் குடிப்பது
இருபத்தெட்டு டன்.
அங்கே நின்றுகொண்டு
என் லிட்டர்களை விசாரிக்கிறான்.

சாதா வண்டியைவிட மூன்றரை லட்சம் கூடுதல்.
அது மீள ஒரு லட்சத்து முப்பத்தேழாயிரம் கிலோமீட்டர்.
என் ஓட்டத்துக்கு எட்டரை வருஷம்,
எட்டுத் தடவை அவன் கப்பல் ஏறி
எட்டுத் தடவை இறங்கவேண்டும்.
அவன் கணக்கில் ஐந்தே வருஷம்,
விலை ஏறும் என்கிற நம்பிக்கையில்.
ஏறும்போதெல்லாம்
பங்க்கில் எல்லோரும் முணுமுணுக்க
எனக்குள் மட்டும் ஒரு கள்ளச் சந்தோஷம்.

மீன்சந்தைச் சந்தில்
பேட்டரியில் ஊர்ந்து போனேன்.
பெட்டி தூக்கிய ஒருத்தி துள்ளி விலகி,
"சத்தமில்லாம வந்து கொல்லப் பாக்கியா?"
மன்னிப்புக் கேட்கக் கண்ணாடி இறக்கினேன்.
சாளை வாடை
மூன்று நாள் கூடவே வந்தது.

வெட்டூர்ணிமடத்தில் ரெசாலம்.
ராணித்தோட்டம் டெப்போவில்
முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர்.
டீசல் மிச்சம் பிடித்ததற்கு
மூன்று கைக்கடிகாரம் பரிசு;
மூன்றும் நின்றுபோய் ஷோகேசில் இருக்கின்றன.
வாதம் வலப்பக்கம்.
பாதத்தை உள்ளங்கையில் ஏந்தி
அழுத்துங்க என்கிறேன்.
பூனை மிதித்தாற்போல் ஓர் அழுத்தம்.
இன்னும் என்கிறேன்.
"இதுக்க மேல மிதிச்சா டீசல் போவும்."
கேலியா, மெய்யா, தெரியவில்லை.
மெல்ல மிதித்தே காசு சேர்த்த காலிடம்
மிதி மிதி என்று மன்றாடுகிறேன்.
கடைசியில் நானே கேட்டேன்:
பஸ்ஸுக்கு எத்தற கிட்டும்?
"அஞ்சு புள்ளி எட்டு!"
சொன்ன வேகத்தில்
கட்டைவிரல் கையில் அழுந்தியது.
பில்லின் பின்பக்கம்
அதையும் குறித்துவைத்தேன்.

ஐப்பசி மழை.
மார்த்தாண்டம் பாலத்துக்கு இப்பால்
வண்டிகள் ஒட்டிப்போய்க் கிடக்கின்றன.
எஞ்சின் தானாய் அடங்கிவிட்டது.
டைட்டஸ் கூப்பிடுகிறான்.
அவன் பக்கம் இரும்பின் அதிர்வு,
என் பக்கம் வைப்பர்.

"என்ன பிள்ளே, ஒரு சத்தமும் இல்ல?
வண்டி ஆஃபா போச்சா?"

"இல்ல. ஓடிட்டுத்தான் கெடக்கு."

முன்னால் லாரி ஒரு முழம் நகர்ந்தது.
நானும்.