பதினொரு நிமிடம்

சுமிஸ்வால்டுக்கு மேலே
கடைசி நிறுத்தத்தில் எஞ்சினை அணைத்தால்
திரும்பிப் புறப்படப் பதினொரு நிமிடம்.
இரண்டு, கழிப்பறைக்கு.
ஒன்று, யாரோ விட்டுப்போன குடைக்கு.
மிச்சம் எட்டும் வானத்துக்கு.

சோற்றுப் பைக்குள், சம்பல் டப்பாவை ஒட்டி,
துவாய் சுற்றிய கமரா.
ஓல்ட்டெனில் ஒருவர் பாதி விலைக்குத் தந்தது.
லென்சின் ஓரத்தில் ஒரு கீறல்.
"பறவைக்குத் தெரியாது" என்று சொல்லித்தான் தந்தார்.

முதல் வாரம் எடுத்தவை:
வேலிக் கம்பி.
ஒவ்வொரு மொட்டும் எண்ணும்படி ஓர் ஆப்பிள் கிளை,
அதற்குப் பின்னால் ஏதோ பழுப்புக் கலக்கம்.
வானம். வானம்.
வானத்தின் மூலையில் முக்கால் இறக்கை.
வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தது கரிக்கட்டி.
அந்தக் கரிக்கட்டியைக் கழுகு என்று எழுதி
மச்சாளுக்கு அனுப்பினேன்.
இரண்டு கைதட்டலும் ஒரு தீச்சுடரும் வந்தன.

மறுநாள் ஏழரை வண்டியில்
ரோஸ்மரி வூத்ரிக்
சக்கர நடைவண்டியைப் படியில் ஏற்றிக்கொண்டே
என் கையிலிருந்த திரையை எட்டிப் பார்த்தார்.
ஒரே சொல். "மொய்செபுசார்ட்."
எலிப் பருந்து.
சில்லறை கொடுப்பது போலச் சொல்லிவிட்டு
ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார்.
மச்சாளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

உயர உயரப் பறந்தாலும்
ஊர்க்குருவி பருந்தாகாது:
எனக்குத் தெரிந்த பறவையியல் அவ்வளவுதான்.
பருந்து எந்தப் பருந்தாகும் என்று
பழமொழி எங்கேயும் சொல்லவில்லை.

வாலைப் பார் என்கிறது புத்தகம்.
பிளந்திருந்தால் மிலான். ஏதோ ஊர்ப் பெயர் போல.
விசிறியாய் வட்டமானால் எலிப் பருந்து.
காற்றில் ஆணி அடித்து மாட்டியது போல
ஒரே இடத்தில் நின்று துடித்தால் வல்லூறு.
எந்த வல்லூறு என்று தமிழில் கேட்டால்
வல்லூறு என்கிறார்கள்.
குறிப்பேட்டில் "நிற்கிறவர்" என்று எழுதிவைத்தேன்.

ஆனால் மிலான் திரும்பும்போது
வாலை அகல விரிக்கிறது, பிளவு காணாமல் போகிறது.
எலிப் பருந்திலோ ஒன்று காப்பி நிறம், ஒன்று பால் நிறம்,
ஒன்று இரண்டையும் ஊற்றிக் கலக்காமல் விட்டது.
புத்தகம் எழுதியவருக்கு
பறவைகள் அசையாமல் நின்றிருக்க வேண்டும்.

மே மாதம். கெர்பர் புல் வெட்டிய நாள்.
டிராக்டருக்குப் பின்னால் பதினான்கு மிலான்கள்,
ஒன்றின் நிழல் என் பேருந்தின் கூரையைத் துடைத்துப்போகும் தாழ்வில்.
நடுக்கத்தோடு கமராவைத் திறந்தேன்.
நினைவட்டை வீட்டில், கணினியின் வாயில்.

எட்டு நிமிடமும் வெறும் கண்ணால் பார்த்தேன்.
ஒன்று பறந்தபடியே காலை முன்னுக்கு நீட்டி,
தலையைக் குனிந்து, காலில் இருந்ததைத் தின்றது.
சாலையில் ஸ்டியரிங்கை விடாமல்
பாண் கடிக்கிற என் மாதிரி.
மஞ்சள் கண்ணைப் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.
ஒரு நிமிடம் பிந்திப் புறப்பட்டேன்.
தாமதக் காரணப் பட்டியலில் பறவை இல்லை,
"கால்நடை" என்பதை அழுத்தினேன்.

என்னிடமுள்ள ஒரே கூர்மையான படம்
நிறுத்தத்தின் கண்ணாடியில்
சிட்டுகள் மோதாதிருக்க ஒட்டிய கறுப்புப் பறவை.
அசையாது, முழு உருவம், இறக்கை நுனி வரை தெளிவு.
புத்தகத்தோடு ஒப்பிட்டேன்.
வால் நீண்டது, இறக்கை குட்டை,
கழுத்து யாருடையதோ.

ரோஸ்மரியிடம் காட்டினேன்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சால்வையில் துடைத்து,
மறுபடி மாட்டி,
அடுத்த நிறுத்தம் வரும் வரை பார்த்தார்.
"இதை நான் பார்த்ததில்லை" என்றார்,
"எங்கே எடுத்தீர்கள்?"