தாளுக்கு வெளியே விரல்கள்

மார்ச் கடைசியில்
எங்கள் குழந்தைகளை ஆம்புலன்சில் ஏற்றி
ஆற்றுக்கு அப்பால் அனுப்பினோம்.
அன்று மாலையே வந்து சேர்ந்தார்
எலிசியோ பத்திஸ்டா, நூற்றுப் பதினெட்டு கிலோ,
பிராங்ஸில் இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர்.

கட்டில் போதவில்லை.
பாதங்கள் கம்பியைத் தாண்டி நின்றன.
வெண்டல் ஒரு மேசையை இழுத்து வந்து
கால்மாட்டில் முட்டுக் கொடுத்தான்.
கூரையில் வரைந்திருந்த திமிங்கிலம்
அவரைப் பார்த்தும் சிரித்தது.
அதற்கு ஆள் வித்தியாசம் தெரியாது.

எங்களுக்கு எல்லாமே கிலோக் கணக்கு.
நாலு கிலோவுக்கும் பதினொன்றுக்கும்
தூக்கத்தில் எழுப்பினாலும் மருந்தளவு சொல்வேன்.
பெரியவர்களுக்குப் பாதி மருந்து அப்படியில்லையாம்.
"ஒரு ஆம்பூல், அவ்வளவுதான்"
என்றது போனில் ஒரு குரல்.
அவ்வளவுதானா?
பெருக்கிப் பார்த்தேன், வகுத்துப் பார்த்தேன்,
நெரைடாவிடம் நீட்டி
நீயும் பார் என்றேன்.
அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்,
பதினாறு வருஷ அனுபவக்காரி.

கைக்குழந்தை தானாகக் குப்புற விழுந்த நாளை
தாய்மார்கள் தேதி போட்டுச் சொல்வார்கள்.
இவரைக் குப்புறப் புரட்ட ஏழு பேர்.
தலைமாட்டில் குழாயைப் பிடித்து நின்ற டாக்டர் பாஷ்கோ
மூன்று எண்ணினார்.
புரண்டார்.
யாரும் கைதட்டவில்லை.
எல்லாருடைய கண்ணும்
ஆக்சிஜன் எண்ணில்.

மயக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறேன்,
"எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்."
ஊசி இறங்கியதும்,
"சமர்த்துப் பையன்."
ஐம்பத்தேழு வயது.
வாய் பழக்கத்தில் சொல்லிவிடுகிறது,
முகக்கவசத்துக்குள் கூச்சப்படுகிறேன்,
அடுத்த ஊசிக்கும் அதையே சொல்கிறேன்.

ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில்
விரித்தால் படுக்கையாகும் ஒரு நாற்காலி,
அம்மாக்களுக்காக.
ஏப்ரல் முழுக்க அவை மடங்கியே கிடந்தன.
யாரோ தினமும் துடைத்து வைத்தார்கள்.

ஒன்பதாம் கட்டிலில் திரித்தா ஜொனாய்.
மகன் டேப்லெட்டில் வந்து
அல்பேனிய மொழியில் பேசுவான்.
ஒரு வார்த்தை புரியாமல்
கை கடுக்கக் கடுக்கப் பிடித்துக்கொண்டிருப்பேன்.
ஒரு முறை அவன் ஏதோ பாடினான்,
அல்லது திட்டினான்.

அதிகாலை மூன்று நாற்பதுக்கு அவள் போனாள்.

ஒரு குழந்தை போனால்
நாங்கள் செய்வது ஒன்று உண்டு.
யாரும் சொல்லவில்லை. நெரைடா
அலமாரியிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து வந்தாள்.
மைத்துண்டு. மூலையில் முயல் வரைந்த தாள்.
ஐந்து வயது வரைக்கும் போதும் அந்தத் தாள்.
உள்ளங்கை பதிந்தது,
கட்டைவிரல் பதிந்தது,
மற்ற நான்கும் தாளைத் தாண்டிப் போய்
போர்வையில் கறுப்பாக விழுந்தன.
இன்னொரு தாளை ஒட்டினோம்.
இரண்டாம் முறை சரியாக வந்தது.
மோதிரம் அழுந்திய இடம் மட்டும் வெள்ளையாக,
விரல்களுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே
ஒட்டிய கோடு.
முயலை வெட்டிவிடலாமா என்று கேட்டேன்.
இருக்கட்டும் என்றாள்.
தபாலில் அனுப்பினோம்.
பதில் வரவில்லை. வர வேண்டும் என்றும் இல்லை.

மே பதினெட்டு, பத்திஸ்டா எழுந்து நின்றார்,
இரண்டு பக்கமும் ஆள் தாங்க.
சுவரில் உயரம் அளக்கும் ஒட்டகச்சிவிங்கி
அவர் தோளோடு முடிந்துவிட்டது.
அதற்கும் மேலே வெறும் சுவரில்
வெண்டல் பேனாவால் கோடு கிழித்து
எலிசியோ என்று எழுதினான்.
அவர் சிரித்தார், இருமினார்,
உட்கார வேண்டும் என்று கை காட்டினார்.

இப்போது குழந்தைகள் திரும்பிவிட்டார்கள்.
நேற்று ஒருத்தி, ஆறு வயது, பத்தொன்பது கிலோ,
அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்:
"இவ்ளோ உயரமா ஒரு பையனா?"
ஆமாம்.
"அவனுக்கு என்ன உடம்பு?"
மூச்சு.
"இப்ப?"
பஸ் ஓட்டுகிறான் என்றேன்.

எனக்குத் தெரியாது.