வடகிழக்குக் கடற்கரை நகரம் ஒன்று

பென்சில் மட்டும்தான் உள்ளே வரலாம்.
அழிப்பான்கூடக் கூடாது.
பேனா, பை, தண்ணீர்ப் புட்டி, நனைந்த மழையங்கி
எல்லாம் வெளியே பெட்டிக்குள்.
ஹல் நகர ஆவணக் காப்பகத்தில்
செவ்வாய்தோறும் எனக்கு 1941.

அந்த வருஷம் குண்டு விழுந்தபோது
செய்திகளில் இந்த ஊருக்குப் பெயர் கிடையாது.
‘வடகிழக்குக் கடற்கரை நகரம் ஒன்று.’
லண்டன் எரிந்தால் லண்டன்.
இது எரிந்தால் ‘ஒன்று.’
துப்பறியும் கதைக்கு இதைவிட ஊர் வேண்டுமா?
செத்தவரே தலைமறைவு.

என் துப்பறிவாளர் வினிஃப்ரட் ஆக்ஸ்டோபி.
வயது முப்பத்தாறு. சம்பளப் பட்டியலில் தட்டச்சர்.
காவல் நிலையத்தில் பெண்கள் வண்டி ஓட்டலாம்,
தேநீர் போடலாம், தொலைபேசி எடுக்கலாம்,
ஆண்கள் கேட்கும் கேள்விகளைத் தட்டச்சு செய்யலாம்.
ஆகவே எல்லா வாக்குமூலமும்
அவள் விரல் வழியேதான் போகும்.
இடது காது மந்தம்; அதனால் வாயைப் பார்ப்பாள்.
பொய் சொல்பவர் எந்தச் சொல்லுக்கு முன்னால்
எச்சில் விழுங்கினார் என்பது
அறையில் அவளுக்கு மட்டும் தெரியும்.

முதல் அத்தியாயம்: மார்ச் பதினெட்டு, இரவு ஒன்பது.
துறைமுகக் கிடங்குச் சுவர் முழுக்க
நிலா வெளிச்சத்தை ஊற்றி வைத்திருந்தேன்.
கணக்குப் பார்த்தால், பௌர்ணமி கழிந்து ஐந்தாம் நாள்.
நள்ளிரவு தாண்டும்வரை நிலா இல்லை.
மூன்று பக்கம் இருட்டாயிற்று.
அவள் தேநீரிலிருந்த மூன்று கரண்டிச் சர்க்கரையைப்
பங்கீட்டு அட்டை பிடுங்கிக்கொண்டது.
நைலான் காலுறை இங்கே இன்னும் கரையேறவில்லை;
பருத்தி என்று திருத்தினேன்.

தமிழ் வேறு என்னைக் காட்டிக்கொடுக்கிறது.
‘கதவைத் திறந்துகொண்டு யாரோ வந்தா’
என்று எழுதி, கடைசி எழுத்தில் நிற்கிறேன்.
ன் போட்டால் பாதி ஊர் விடுதலை.
ள் போட்டால் மீதி.
ர் போட்டால் கொலைக்கு மரியாதை.
‘ஓர் உருவம் வந்தது’ என்று தப்பிக்கிறேன்,
எழுபது பக்கமாக,
ஒவ்வொரு கதவிலும்.

இன்று கார்பட் அம்மாள் கொண்டுவந்து வைத்தது
பிணவறைப் பதிவேடு.
நுரைப்பஞ்சில் சாய்த்து,
பக்கம் புரளாமலிருக்க
துணியுறை போட்ட ஈயச் சரத்தைப் பாம்புபோல் விட்டாள்.
எனக்கு வேண்டியது பெயரில்லாத ஒரு சடலம்.
குண்டுக்கு முன்பே செத்து,
குண்டின் கணக்கில் ஏறிய ஒன்று.

கிடைத்தது.
பெண். சுமார் முப்பது. அடையாளம் தெரியவில்லை.
மோதிரம் இல்லை.
வலது காலுறை, குதிகாலில்
பச்சை நூலால் தைக்கப்பட்டது.
அவ்வளவுதான்.
‘பச்சை’ மட்டும் கொஞ்சம் ஊறிப் பரவியிருந்தது.
எழுதியவரின் கை ஈரமாக இருந்திருக்கும்.

ஆக்ஸ்டோபி என்றால் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு
உடைந்த கண்ணாடி மிதித்து
ஜவுளிக்கடை ஜவுளிக்கடையாய் ஏறுவாள்.
பத்தொன்பதாம் அத்தியாயத்தில்
பெயரோடு திரும்பி வருவாள்.
எனக்கு அத்தியாயங்கள் இல்லை.
கறுப்பு நூல் தீர்ந்துபோயிருக்கலாம்.
இருட்டடிப்பில் நிறம் தெரியாமல் தைத்திருக்கலாம்.
குதிகாலை யார் பார்க்கப்போகிறார்கள்
என்று நினைத்திருக்கலாம்.

பார்த்தேனே.

மூடுவதற்குப் பத்து நிமிடம் என்று மணி அடிக்கிறது.
நோட்டில் எழுதியிருக்கிறேன்:
‘தெருமுனையில் பிணம் கிடந்தது.’
மூச்சு நின்றதும் அஃறிணைக்குத் தள்ளிவிடுகிற
இலக்கணம் இது; யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.
குறுக்கே ஒரு கோடு போட்டேன்.
மேலே, நெருக்கி,
‘ஒருத்தி கிடந்தாள்.’

நாவலில் அவள் வரமாட்டாள்.
அடுத்த செவ்வாய்க்கு வேறு பதிவேடு கேட்டுச்
சீட்டு எழுதிக் கொடுத்தேன்.
கார்பட் அம்மாள் ஏன் என்று கேட்கவில்லை.
பாம்பைச் சுருட்டி எடுத்தாள்.