நாற்பதில் நின்ற முள்

எஞ்சினின் வேகமானி
ஏழு மாதமாய் நாற்பது காட்டுகிறது.
தம்பலகாமத்து வயல்களுக்குள்
காற்று காதைக் கிழிக்கப் போகையிலும் நாற்பது.
திருகோணமலை மேடையில் நிறுத்திவிட்டு
நான் தேத்தண்ணி குடிக்கையிலும்
நாற்பது.
அந்தக் கணக்கின்படி
இங்கே தரித்து நின்ற இரவுகளில் மட்டும்
நாங்கள் முட்டுக்கட்டையைத் தாண்டி
கடலுக்குள்ளால் ஓடி
பர்மாவைத் தொட்டிருக்க வேண்டும்.

ஹேமசிறி மாத்தயா மணிக்கூட்டைப் பிடித்தபடி
தண்டவாள மூட்டுகளை எண்ணுவார்.
தடக். தடக்.
சிங்களத்தில் தொடங்குவார்,
நித்திரை தூக்கினால் தமிழுக்கு மாறுவார்.
அரைகுறையாய்த் தெரிந்த மொழியில் எண்ணினால்
கண் மூடாதாம்.
பதினாறு மணித்தியாலக் கடமையின் கடைசியில்
அவர் வாயில் ‘எழுபத்தெட்டு’
எழுபது எட்டாக உடைந்து விழும்.

கிளைச் செயலாளர் நான்.
கையெழுத்து அழகென்று தெரிவுசெய்தார்கள்.
ஐந்து கடிதம் எழுதினேன்:
முள்; மங்கிய முன்விளக்கு;
உக்கிய சிலிப்பர் கட்டைகள்;
கயிறும் சிவப்புத் துணியும் மட்டுமுள்ள கடவையில்
நாட்கூலிக்கு நிற்கும் ஜெஸீமா.
பாதையில் படுத்த ஆடுகள் எழும்பினால்
கோச்சி வருகிறதென்று அவ அறிவா.
ஆடுகள் இல்லாத நாளில்
கார்ட் தன் காசில் ரீலோட் போட்டு
அழைத்துச் சொல்வார்.

‘உரிய நடவடிக்கைக்காக மேலே அனுப்பப்பட்டுள்ளது.’
ஐந்துக்கும் அதே பதில்.
மேலே என்பது எந்த நிலையம்?
எங்கள் நேர அட்டவணையில்
அப்படியொரு பெயர் இல்லை.

ஒரு வியாழன் இரவு
இந்த எஞ்சினை எடுக்கமாட்டோம் என்றோம்.
மாஹோவிலிருந்து வேறொன்று வர
நான்கு மணித்தியாலம்.
மேடை முழுக்க ஏச்சு.
மீன்பெட்டிக்காரர் சவிரிமுத்து
உருகும் ஐஸைக் காட்டித் திட்டினார்.
துண்டுப்பிரசுரத்தை நீட்டினேன்;
அதாலேயே விசிறிக்கொண்டார்.

சாம்பல்தீவுத் தவமலர் திட்டவில்லை.
மஞ்சள் கிளினிக் அட்டையைக் காட்டினா.
மஹரகம. காலை எட்டு மணி.
மூன்று மாதம் காத்திருந்த திகதி.
“உங்கட முள்ளுக்கு
நான் என்ன தம்பி செய்ய?”

மறுமொழி இருந்தது என்னிடம்,
கூட்டங்களில் நன்றாகச் சொல்வேன்.
அன்று அது வாய்வரை வந்து
திரும்பிப் போய்விட்டது.

அடுத்த கிழமை
அதே எஞ்சினைத் திருப்பி அனுப்பினார்கள்,
முன்கண்ணாடியை மட்டும் துடைத்து.
புதிய திகதியோடு அவவும் வந்தா.
“இப்ப எத்தனையில நிக்குது?”
“நாற்பது.”
சிரிப்பா என்று பார்த்தேன்.
“பிறகெப்படி ஓட்டுறீங்கள்?”
மூட்டுகளை எண்ணும் வித்தையைச் சொன்னேன்.
பள்ளிச் சீருடை தைப்பவ;
எண்ணுவது அவவுக்குப் புதிதல்ல.

விடியப்புறம் கோட்டையில் இறங்கி
எஞ்சினடிக்கு நடந்து வந்தா.
கிளினிக் அட்டையின் பின்பக்கம்
பேனையால் போட்ட கோடுகள்,
ஐந்தைந்தாய்க் கட்டி.
“கந்தளாய்க்கும் கல்ஓயாவுக்கும் இடையில
கூடப் போனனீங்கள்.
யானை குறுக்கிடுற இடமாம் அது.
நித்திரையா?”

ஹேமசிறி மாத்தயா
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.
நேரம் பிந்தினால் விளக்கம் கேட்பார்கள்,
அதனால்தான் என்று சொல்லத் தொடங்கி
பாதியில் விட்டார்.

ஆறாவது கடிதத்தில் அதையும் எழுதினேன்.
திகதி, இடம், அவவின் கணக்கு,
எங்களுக்கு எதிரான அந்த ஒரு வரி.
சங்க அறையில் வாசித்தபோது
கதிரைகள் அரைந்தன.
அடித்துவிடு என்றார் ஒருவர்.

மாத்தயா பேனையை வாங்கி
அந்த வரிக்குக் கீழே முதலில் ஒப்பமிட்டார்,
தமிழில்,
எழுத்தெழுத்தாய்,
கண் மூடாமல்.