நாற்பதோடு சரி

முப்பத்தேழு வயதில் போய் நின்றபோது
முத்தியால்பேட்டை கோச் கேட்டார்:
எடை குறைக்கவா?
இல்லை சார், அடிக்க.
அவர் சிரிக்கவில்லை.
வாயிலிருந்த விசிலை மட்டும் எடுத்தார்.

நாற்பதோடு சரி என்கிறது விதி.
மூன்று வருஷம்.
அதிலும் பாதி டியூட்டியில் போய்விடும்.

பதினாலு வருஷமாகக் கடலூர் பஸ்ஸில்
கம்பியைப் பிடிக்காமல் நிற்கிறேன்.
முள்ளோடைத் திருப்பத்தில்
குடித்தவனும் குடிக்காதவனும் சாயும்போது
நான் சாய்வதில்லை.
கால்களுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை.
கைதான் மக்கு:
குத்தச் சொன்னால் டிக்கெட் நீட்டுகிறது.

உப்பளத்தில் முதல் போட்டி.
எதிரே வீராம்பட்டினத்து இளஞ்சேரன், பத்தொன்பது வயது.
தினமும் "பாஸ்" என்று வாயால் சொல்லி
எடுத்துக் காட்டாமலே வருகிறவன்.
கையுறையைத் தொட்டு "அண்ணே" என்றான்.

இரண்டாவது ரவுண்டில் என் மூக்கு உடைந்தது.
மூன்றாவதில் அவன் விலாவில்
ஒன்று இறங்கியது, முழுசாக.
எங்கிருந்து வந்ததென்று
எனக்கே தெரியாது.
தோற்றேன். அது வேறு.

திங்கட்கிழமை, அரியாங்குப்பம்.
விலாவைப் பிடித்தபடி ஏறினான்.
கேட்காமலே
பாஸை எடுத்து நீட்டினான்.

வாங்கிப் பார்த்தேன்.
காலாவதியாகி நாலு நாள்.

திருப்பிக் கொடுத்துவிட்டு
விசில் ஊதினேன்.
மூக்கு வலித்தது.