ஐவத்தாறு

எங்கள் மூன்றாம் வகுப்புக்கு மூன்று சுவர்களில்தான் படங்கள்.
நான்காவதில் எதை ஒட்டினாலும் நிற்பதில்லை;
அந்தப் பக்கம் எட்டு விசைத்தறி.
ஆணியடித்து மாட்டிய தமிழ்நாடு
புதன்கிழமைக்குள் சாய்ந்துவிடும்,
கன்னியாகுமரி ஜன்னலைப் பார்க்கும்.

குகைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த முதல் வாரம்
எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.
"கத்தாதீங்க டீச்சர்,
தறியோட சேந்து பேசுங்க" என்றாள் பவதாரிணி.
சரிதான்.
நாடா போய்த் திரும்பும் இடைவெளியில்
ஒரு சொல் வைக்கலாம்.
இரண்டு வைத்தால் ஒன்று அறுந்துபோகும்.

திங்கட்கிழமை நகம் பார்ப்பேன்.
ஜாஸ்மின் பானுவுக்கு அக்கா கல்யாணத்து மருதாணி.
கனிஷ்கா விரலிடுக்கில் கறுப்பு;
வீட்டில் எல்லாரும் கொலுசுக்குப் பற்றவைக்கிறவர்கள்,
எந்தச் சோப்புக்கும் போகாது.
"சுத்தம்" என்றே எழுதிவிடுவேன்.

செவ்வாய்க்கிழமை என்ன நடந்ததென்று
எந்த வாரமும் எனக்கு நினைவிருப்பதில்லை.

புதன் பிற்பகல் கதைப் புத்தகம்.
இருபத்தாறு பேர், பத்தொன்பது புத்தகம்.
யானை அட்டைக்கு ஓயாத சண்டை.
கடைசிப் பக்கம் கிழிந்த ஒன்றை
யாரும் கேட்பதில்லை.
சௌடேஸ்வரியும் கேட்டதில்லை,
எடுத்துக்கொள்வாள்.

சௌடேஸ்வரி. மூன்றாவது வரிசை, சுவரோரம்.
ஜூனில் நான் எழுதியது:
"வாய் திறப்பதில்லை. அரும்பு நிலை."
மொட்டு, மலர் என்று மற்றவர்கள் நகர்ந்தார்கள்.
கையெழுத்துப் போட வந்த அவள் அம்மா
"வீட்ல நல்லாப் பேசுதுங்க" என்றார்.
எல்லா அம்மாக்களும் சொல்வதுதான்
என்று தாளை வாங்கி வைத்துக்கொண்டேன்.

இந்த வியாழன், மின்வாரியப் பராமரிப்பு.
ஒன்பது மணிக்குத் தறி நின்றது.
மின்விசிறியும்தான், அதை யாரும் கவனிக்கவில்லை.
அமைதி, நடுவில் சேர்ந்த புதுப் பிள்ளை மாதிரி
எங்கே உட்காருவதென்று தெரியாமல் நின்றது.
சத்துணவுக் கூடத்தில் கடுகு வெடித்தது.
பிள்ளைகள் தாமாகவே
ரகசியக் குரலுக்கு இறங்கினார்கள்.

"ஏழெட்டு?"
பழக்கத்தில் நான் மட்டும் கத்திவிட்டேன்.
சிரித்தார்கள்.
சிரிப்பு அடங்குமுன்
சுவரோரத்திலிருந்து:
ஐவத்தாறு.

சாக்பீஸ் என் கையில் அப்படியே இருந்தது.
"ஆறொம்பது?"
ஐவத்தநால்கு.
"எட்டெட்டு?"
அரவத்தநால்கு.

உதடு அசைந்ததாகக்கூடத் தெரியவில்லை.
வேறு யாரும் வியக்கவில்லை என்பதுதான் வியப்பு.
"அவ எப்பவுமே சொல்லுவா டீச்சர்,"
பவதாரிணி பென்சில் சீவிக்கொண்டே சொன்னாள்,
"மொதல்ல அவ சொல்லுவா.
நாங்க தமிழ்ல மாத்திக் கத்துவோம்."

ஜூன். ஜூலை. ஆகஸ்டில் பாதி.
இருபத்தைந்து மலர்களும் மொட்டுகளும்
என் முகத்தில் அடித்த விடைகள்
ஓர் அரும்பிடம் கடன் வாங்கியவை.

பேச எதுவும் வராமல்
சாக்பீஸை உடைத்துப் பாதியை நீட்டினேன்.
வந்தாள். எக்கி நின்று எழுதினாள்:
56.
ஐந்தின் வயிறு கொஞ்சம் பெரிசு.
அதில் எந்த வீட்டுப் பேச்சும் ஒட்டியிருக்கவில்லை.

இரண்டு மணிக்கு மின்சாரம் வந்தது.
தமிழ்நாடு மறுபடி சாயத் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை
பதிவேட்டில் அந்த வரியை அழித்தேன்;
அழுத்தி எழுதியிருந்தேன் போல, தாள் லேசாகக் கிழிந்தது.
அவள் பெஞ்சைத் தூக்கி வந்து
என் மேசைக்கு எதிரே போட்டேன்.
இனிமேல் தறி இருந்தாலும் கேட்கும்.

உட்கார்ந்தாள்.
ஒரு பீரியட் முழுக்க
ஏழாம் வாய்ப்பாட்டுக்கும் ஒன்றும் வரவில்லை.
மணியடித்ததும் என் புடவை நுனியைத் தொட்டு,
என்னிடம் அவள் பேசிய முதல் வாக்கியம்:
"அந்தப் பக்கம் நம்மப்பா, டீச்சர்."

எட்டில் எந்தத் தறி என்று நான் கேட்கவில்லை.
பெஞ்சைத் திரும்பப் போட
இரண்டு பேர் பிடிக்கவேண்டியிருந்தது.
திங்கட்கிழமையிலிருந்து
நான்தான் சுவரோரம் நின்று நடத்தவேண்டும்.